கண்ணகிக்கு எந்தப் புடவை?

வணக்கம் நேயர்களே. போன மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நாடகப் பயிற்சியில் சேர நேர்முகத் தேர்வு. கண்ணகி வழக்குரைக்கும் காட்சியைத் தனியாக நடித்துக் காட்ட வேண்டுமாம். பாட்டெல்லாம் மனப்பாடம். "எந்தப் புடவை சார் கட்டட்டும்?" இதுதான் அவள் கவலை.

சரி, முதலில் நடித்துக் காட்டும்மா என்றேன். "தேரா மன்னா" என்று வாசற்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். இரண்டு காலிலும் கொலுசு ஜல்ஜல் என்றது. ஒற்றைச் சிலம்போடு நீதி கேட்க வந்தவளுக்கு ஜோடிக் கொலுசு!

அவளைக் குறை சொல்ல முடியாது. நமக்கெல்லாம் வேடம் என்றாலே ஜரிகைதான். வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் பார்த்த பெரியவர்களிடம் கதை கேட்டு வளர்ந்தவன் நான். என் முதல் தேர்வில் பாண்டியன் வேடம். வாடகைக்கு எடுத்த பட்டு அங்கி, அட்டைக் கிரீடம். "யானோ அரசன், யானே கள்வன்" என்று நான் விழுவதற்குள் கிரீடம் விழுந்து, தேர்வாளர்களின் மேஜைக்கு அடியில் உருண்டுவிட்டது. அப்புறம் என் குரலை யார் கேட்டார்கள்?

ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர்களே, ரோமாபுரிக் கதையானாலும் பெரும்பாலும் தங்கள் காலத்து உடையில்தான் மேடையேறினார்கள். தேர்வுக்கு முழு வேடம் வேண்டியதில்லை. பாத்திரத்தின் நடை வந்தால் போதும். ஜீன்ஸ் போட்டு ஒத்திகை பார்த்துவிட்டு அன்றைக்கு மட்டும் புடவை கட்டினால், கால் தடுக்கும்.

கண்ணகிக்கு உடை எது என்று சிலப்பதிகாரமே சொல்கிறது. கோவலன் பிரிந்த நாளிலேயே அவள் காலில் சிலம்பு இல்லை, இடுப்பில் மேகலை இல்லை. மங்கல அணி ஒன்றுதான். அரசவையில் நின்ற கோலத்தை ஒரு வெண்பா காட்டுகிறது: "மெய்யில் பொடியும் விரித்த கருங்குழலும் கையில் தனிச்சிலம்பும் கண்ணீரும்." அதைக் கண்ட அளவிலேயே பாண்டியன் தோற்றானாம். பட்டைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

அப்புறம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்குப் போனோம். கரையில்லாத, காவி கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு பருத்திப் புடவை எடுத்தோம். கறுப்பு வேண்டாம் என்றேன். பின்னால் கறுப்புத் திரை இருந்தால் முகமும் கையும் மட்டும் மிதக்கும். புதுப்புடவையின் மொடமொடப்பு சத்தம் போடும், இரண்டு தடவை கஞ்சி போக அலசச் சொன்னேன். கணுக்காலுக்கு மேல் கட்டு, தோளில் ஊக்கு குத்து, உள்பாவாடை ஓர் எட்டு தாராளமாக வைக்க விடவேண்டும். கூந்தலை விரித்தால் முகத்தில் விழுந்து கண்ணை மறைக்கிறது. அதனால் முன்முடியை மட்டும் ஹேர்பின்னால் பின்னுக்கு இழுத்துவிட்டோம். அந்தப் புடவையிலேயே பத்து நாள் ஒத்திகை. மூன்றாம் நாள் சிலம்பை உடைக்கும் வீச்சில் ரவிக்கையின் அக்குள் தையல் விட்டது. நல்லவேளை, வீட்டிலேயே விட்டது.

கிளம்பும் நாளன்று ஒரு சந்தேகம் கேட்டாள். "சார், மெய்யில் பொடின்னா பவுடர் போடணுமா?"

புழுதிம்மா அது. வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போ, தானாக வந்துவிடும் என்றேன்.