கைக்குழந்தையோட ராமநாதபுரம் கடற்கரை: நிழலைப் பார்த்து வழியைப் போடுங்க

[காட்சி: அரிச்சல்முனை சாலை. ரெண்டு பக்கமும் மணல், அதுக்கு அப்பால் கடல்.]

வணக்கம். ராமேஸ்வரத்தைத் தாண்டி இருக்கிற முகுந்தராயர் சத்திரத்துல இருந்து, தனுஷ்கோடியோட கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் சுமார் 9.5 கிலோமீட்டர் ரோடு. நடுவுல நிறுத்தி, குழந்தையை மடியில போட்டு அமர்த்த ஒரு மரத்தடி தேடினா கிடைக்காது. சாயல்குடி பக்கம் போனா கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் பனை நிக்கும். ஆனா ‘பனை நிழலும் நிழலோ’ன்னு நம்ம பெரியவங்க அப்பவே கேட்டுட்டாங்க.

ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தையோட, தொண்டியில இருந்தோ சாயல்குடியில இருந்தோ கார்ல கிளம்பி ராமேஸ்வரம் போறவங்களுக்காக இந்த வீடியோ. இங்க இடங்களோட பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு பயணம் போட முடியாது. எந்த நேரத்துல எங்க நிழல் கிடைக்கும்னு பார்த்துத்தான் போடணும்.

முதல்ல மாசம். தை, மாசி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில மழை. சித்திரை, வைகாசியில குழந்தையோட வராதீங்க, அவ்வளவுதான். ஆனி, ஆடியில வெயில் கொஞ்சம் தணிஞ்ச மாதிரி இருந்தாலும் தெக்கத்திக் காத்து மணலை வாரி அடிக்கும். பெரியவங்களே கண்ணைக் கசக்குவாங்க.

[காட்சி: குழந்தையின் உடம்பு, வரைபடமாக.]

கைக்குழந்தைக்கு வெயில் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஏறுது? எடையோட ஒப்பிட்டா அதோட தோல் பரப்பு நம்மளைவிட அதிகம். அதனால வெளியில இருக்கிற சூடு உடம்புக்குள்ள வேகமா இறங்குது. நம்ம அளவுக்கு வேர்த்து உடம்பைக் குளிர்விக்கவும் அதால முடியாது. கடலோரத்துல காத்துல ஈரம் அதிகம்ங்கிறதால, வேர்க்கிற கொஞ்சமும் சீக்கிரம் காயாது. இன்னொண்ணு, கடல்காத்து நம்மளை ஏமாத்தும். முகத்துல சில்லுன்னு படும்போது வெயில் இல்லைன்னு நினைச்சுக்குவோம். ஆனா மேல இருந்து வர்ற வெயில் போதாதுன்னு, வெள்ளை மணலும் தண்ணியும் கீழ இருந்து திருப்பி அடிக்குது. குடைக்கு உள்ளயும் அது வரும்.

ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு சன்ஸ்கிரீனை நம்பாதீங்க. முழுக்கை வச்ச தொளதொள பருத்திச் சட்டை, விளிம்பு அகலமான தொப்பி, நிழல், இவ்வளவும் போதும். வெயில் படக்கூடாதுன்னு கனமான துண்டை மேல போட்டு மூடாதீங்க. உள்ள காத்து நின்னுபோய்ப் புழுங்கும்.

[காட்சி: காரின் பின் இருக்கை.]

இப்ப கார். பாட்டி மடியைவிடப் பத்திரமான இடம் இல்லைன்னு நம்ம வீடுகள்ல எல்லாரும் மனசார நம்புறாங்க. வீட்டுல அது சரிதான். ஓடுற கார்ல இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயாவது மோதி நின்னா, குழந்தையோட எடையைப் போல 20 மடங்கு பலத்தோட அது முன்னால பாயும். எவ்வளவு பாசமான கையாலயும் 8 கிலோ குழந்தையை அப்பப் பிடிச்சு வைக்க முடியாது. பின் சீட்டுல, பின்பக்கம் பார்த்த மாதிரி பொருத்துற குழந்தை இருக்கை வேணும். ஏர்பேக் இருக்கிற முன் சீட்டுல அதை வைக்கவே கூடாது. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 14 வயசுக்குள்ள இருக்கிறவங்களை பெல்ட்டாலயோ தனி இருக்கையாலயோ பாதுகாக்காம ஓட்டினா 1000 ரூபாய் அபராதம்னும் இருக்கு. ஆனா இந்தச் செலவை அபராதத்துக்குப் பயந்து செய்யாதீங்க, குழந்தைக்காகச் செய்யுங்க.

நிறுத்தின கார்ல ஒரு நிமிஷம்கூட குழந்தையைத் தனியா விடாதீங்க. பத்தே நிமிஷத்துல உள்ள 10 டிகிரி ஏறிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுறதால பெருசா மாறாது. திரும்பி ஏறும்போது கதவெல்லாம் திறந்து சூட்டை வெளியேத்திட்டு, பெல்ட்டோட கொக்கியை உங்க மணிக்கட்டுல வச்சுப் பாருங்க. உங்களுக்குச் சுட்டா குழந்தைக்குப் பொத்துப்போகும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, குழந்தையை வெளிய எடுத்துக் காலை நீட்டிப் படுக்க விடுங்க. வண்டி ஓடும்போது பால் கொடுக்க வேண்டாம்.

[காட்சி: அரியமான் கடற்கரை, சவுக்குத் தோப்பு.]

எங்க நிறுத்துறது? என்னைக் கேட்டா அரியமான்தான். உச்சிப்புளி பக்கத்துல, பாக் நீரிணையைப் பார்த்த கரை. சவுக்கு மரங்கள் இருக்கு. அம்மாவோட பழைய நூல் புடவை ஒண்ணு கொண்டு போனீங்கன்னா தூளி கட்டலாம். கிளையில கட்டாதீங்க, ரெண்டு தண்டுக்கு நடுவுல கட்டுங்க. கட்டுறதுக்கு முன்னாடி தண்டுல எறும்பு ஏறுதான்னு ஒரு சுத்து பாருங்க. தூளியோட அடி மணலுக்கு ஒரு முழம் மேல இருந்தா போதும், உயரம் வேண்டாம். பெரியவங்க ஒருத்தர் மொத்தமா சாஞ்சு இழுத்துப் பார்த்த பிறகுதான் குழந்தையைப் போடணும். சாயங்காலம் கட்டுறதா இருந்தா, வெயில் மேற்க இறங்க இறங்க நிழல் கிழக்க நகரும், அதனால மரங்களுக்குக் கிழக்குப் பக்கமா இடம் பிடிங்க. முகத்துல துணி விழாம, பக்கத்துலயே ஒருத்தர் உட்கார்ந்திருக்கணும்.

ராமேஸ்வரம் கோயிலோட மூணாம் பிரகாரமும் நல்ல நிழல். காலையிலயே போயிடுங்க, மத்தியானம் நடை சாத்திடுவாங்க. 22 தீர்த்தம் ஆடுற பக்கம் தரையெல்லாம் தண்ணி, வழுக்கும். குழந்தையைத் தூக்கியிருக்கிறவங்க அந்தப் பக்கம் போக வேண்டாம்.

[காட்சி: மன்னார் வளைகுடா வரைபடம், தீவுகள்.]

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல அறிவிச்சது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல 21 தீவு, பவளப்பாறை, கடல்புல், அதை மேயுற கடல்பசு. தீவுகள்ல நினைச்சபடி இறங்க முடியாது, வனத்துறை படகுல போய்த்தான் பார்க்கணும். தொண்டி பக்கம் இருக்கிற காரங்காட்டு அலையாத்திக் காட்டுலயும் வனத்துறை படகு உண்டு. கைக்குழந்தைக்குப் பொருந்துற மிதவைச் சட்டை கிடைக்கிறது கஷ்டம். அதனால ஒருத்தர் கரையில குழந்தையோட இருங்க, மத்தவங்க போயிட்டு வந்த பிறகு மாறிக்கங்க. இதுல யாருக்கும் ஏமாற்றம் வேண்டாம், ஏன்னா குளிர்காலத்துல தனுஷ்கோடி ரோட்டோரத் தண்ணியில பூநாரைக் கூட்டம் நிக்கும். 2025-ல அந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமா அறிவிச்சாங்க. காருக்குள்ள இருந்தே பார்க்கலாம்.

தனுஷ்கோடிக்கு விடியற்காலையில போங்க, சாயங்காலம் வண்டிகளை உள்ள விட மாட்டாங்க. 1964 புயல்ல அழிஞ்ச தேவாலயத்தைப் பார்த்துட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுங்க. அரிச்சல்முனையில கடல்ல இறங்க வேண்டாம், நீரோட்டம் இழுக்கும்.

பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் அறையிலயே இருங்க. குழந்தை தூங்கட்டும், நீங்களும் தூங்குங்க.

ஆறு மாசத்துக்குள்ள தாய்ப்பால் மட்டும்தான். தண்ணி, இளநீர், நுங்குத் தண்ணி எதுவும் வேண்டாம், பெரியவங்க ஆசையா நீட்டினாலும். வெயில்ல அடிக்கடி பால் கேட்கும், கொடுங்க. புட்டிப்பால் குடிக்கிற குழந்தைன்னா கொதிக்க வச்ச நல்ல தண்ணியை பிளாஸ்க்குல கொண்டு வாங்க. இந்தக் கரையில நிறைய இடத்துல குழாய்த் தண்ணி உப்பு.

ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகணும். அது குறைஞ்சாலோ, வாய் காஞ்சாலோ, உச்சிக்குழி உள்ள இறங்கினாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ காத்திருக்காதீங்க. ராமநாதபுரத்துல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு, ராமேஸ்வரத்துலயும் அரசு மருத்துவமனை இருக்கு. வண்டிக்கு 108. மூணு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தா, வெயில் சூடுன்னு நினைச்சு விட்டுடாதீங்க. உடனே டாக்டர்கிட்ட போங்க.

[காட்சி: கடற்கரை மணலில் ஆமைத் தடம்.]

கடைசியா டயப்பர். தயவுசெஞ்சு மணல்ல புதைக்காதீங்க. அதுல இருக்கிறது பிளாஸ்டிக், மக்காது. நீங்க தோண்டுற இதே கரையில சித்தாமைன்னு சொல்ற சின்னக் கடலாமைகள் வந்து முட்டை போடுது. வாய் இறுக்கிக் கட்டுற பை ரெண்டு கார்லயே வச்சுக்கங்க, ஊருக்குள்ள வந்து குப்பைத் தொட்டியில போடுங்க.