அம்மாச்சி இறங்கியது தனுஷ்கோடியிலா?

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பிய கேள்வி இரண்டு நாளாக மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அவருடைய அம்மாச்சி 1972இல் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர். "தனுஷ்கோடி டேசன்ல எறங்கினோம்" என்று கடைசிவரை சொன்னாராம். அந்த ஸ்டேஷன் புயலில் அழிந்துவிட்டது என்கிறார்களே, எது உண்மை என்று கேட்கிறார்.

சரி, முதலில் ஸ்டேஷன். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் தனுஷ்கோடிக்கு வாழ்வு வந்தது. அதற்கு முன் மெயில் வண்டி தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கப்பல் கொழும்புக்கு வரும். 1914க்குப் பிறகு, சென்னையில் ஏறியவர் கடலோரத்தில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலில் ஏறுவார். ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தாண்டினால் தலைமன்னார். அங்கே நம்முடைய கோச்சி, அதாவது இலங்கை ரயில், நிற்கும். அந்தப் பக்கம் மீட்டர் பாதை, இந்தப் பக்கம் ஐந்தரை அடி அகலப் பாதை. ஆனாலும் சென்னையிலிருந்து கொழும்புவரை ஒரே டிக்கெட்!

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஸ்டேஷன் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலைக் கடல் இழுத்துக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், தனுஷ்கோடிப் பாதையை அப்படியே கைவிட்டார்கள். அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் போனது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. நம் மலையகத் தமிழ் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதிய மை காய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அந்த ஸ்டேஷன் இல்லை. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டமே இங்கே 1967இல்தான் வந்தது. ஆகவே தங்கச்சி, அம்மாச்சி இறங்கியது ராமேஸ்வரம்.

அதற்காக அவர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அவருடைய அப்பா அம்மா, தாத்தா பாட்டி இலங்கைக்குத் தோட்ட வேலைக்கு வந்த வழி மண்டபம் முகாம், தனுஷ்கோடி, தலைமன்னார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ராத்திரி ராத்திரியாகக் கேட்ட பெயர் அது. அக்கரை என்றாலே தனுஷ்கோடி என்றுதான் காதில் விழுந்திருக்கும். ஹட்டன் ஸ்டேஷன் பற்றிய காணொளியில் சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன்: நம் சனத்துக்கு ஊர்ப்பெயர் என்பது வழியின் பெயர்.

அம்மாச்சி எங்கே ஏறினார் என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். பொகவந்தலாவை என்றால் ஹட்டனாகத்தான் இருக்கும். 1884இல் தோட்டங்களுக்காகப் போட்டுக்கொண்டு வந்த பாதை அது. நாவலப்பிட்டி, பேராதனை, பொல்காவலை, அப்புறம் வடக்கே திரும்பி மாகோ, அனுராதபுரம், மதவாச்சி, மன்னார். அதை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். வண்டி நகரும்போது பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் ஜன்னலில் நீட்டிய கையை விடாமல் கூடவே ஓடுவார்கள். பிளாட்பாரம் முடியும் இடத்தில் கை தானாக விட்டுப்போகும். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று போனது என் பெரியம்மா. தகரப்பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் பெயரும் தலைமன்னாரும் எழுதியிருந்தது. மடியில் ஒரு போத்தல், அதில் எங்கள் லயத்துப் பீலித் தண்ணீர், மலை ஊற்றிலிருந்து வடியும் தண்ணீர். வழியில் பிள்ளை தாகத்துக்கு அழுதபோதும் அதைத் திறக்கவில்லையாம், அனுராதபுரத்தில் இறங்கிக் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாராம். கப்பல் ஏறிய பிறகுதான் ஆளுக்கு ஒரு வாய் குடித்திருக்கிறார்கள்.

கப்பல் 1984இல் நின்றது. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய ரயிலும் 1990இல் நின்று, 2015இல்தான் மறுபடி ஓடியது. இதற்கெல்லாம் நடுவில் ஒருமுறை நான் கோத்தகிரிக்குப் போனேன். பெரியம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்புக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். அந்தப் போத்தல் அங்கே இருந்தது, மூடி இறுக்கி மூடியபடி.