மல்லாட்டைக் கொல்லையில் காணாமல் போன கந்தகம்

[காட்சி: திண்டிவனம் பக்கம் ஒரு மானாவாரிச் செம்மண் கொல்லை. பிடுங்கிய மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி ஒன்று கையில்.]

இந்தச் செடியைக் கொஞ்சம் பாருங்கள். அடி இலை பச்சையாகத்தான் இருக்கிறது. கொழுந்து மட்டும் வெளிறி, மஞ்சள் தட்டி நிற்கிறது. பார்த்தவுடனே ‘யூரியா பத்தலை’ என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். யூரியா தருவது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அது குறைந்தால் முதலில் பழுப்பது அடி இலை. செடி அதிலிருந்து சத்தை உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். கந்தகத்தை அப்படி எளிதில் இடம் மாற்ற முடியாது. அதனால் பற்றாக்குறை புதுத் தளிரில்தான் முதலில் தெரியும். இரும்புச்சத்து குறைந்தாலும் கொழுந்து வெளுக்கும், ஆனால் அப்போது நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

[காட்சி: வெட்டிய குழியின் பக்கச் சுவர், மேலிருந்து கீழாக.]

சரி, மண்ணில் கந்தகம் எங்கே இருக்கிறது? மேல் மண்ணில் இருப்பதில் பெரும்பகுதி மட்கோடு பிணைந்து கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து, தண்ணீரில் கரையும் கந்தக வடிவமான சல்பேட்டாக விட்டால்தான் வேர் உறிஞ்சும். தொழுஉரம் காணாத கொல்லையில் இந்த இருப்பே குறைவு.

சல்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம். களித் துகளுக்கும் அதேதான். ஒன்றையொன்று தள்ளும். அதனால் மணற்பாங்கான மண்ணில் நல்ல மழை ஒன்று பெய்தால் சல்பேட் தண்ணீரோடு கீழே போய்விடும். அடியில் இரும்பு ஆக்சைடு கலந்த களி அடுக்கு இருந்தால் அங்கே கொஞ்சம் பிடித்து நிற்கும். மேலே பஞ்சம், இரண்டடிக்குக் கீழே இருப்பு! இளஞ்செடியின் வேர் அவ்வளவு ஆழம் போகாதே. ஒரே கொல்லையில் மேட்டில் வெளுத்தும் பள்ளத்தில் பச்சையாகவும் பயிர் நிற்க இதுவும் ஒரு காரணம்.

[காட்சி: உர மூட்டைகள்.]

முன்பெல்லாம் இதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று கேட்கலாம். அப்போது கந்தகம் இலவசமாக வந்துகொண்டிருந்தது. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து (பாஸ்பரஸ் சத்து) 16 சதவீதம், கூடவே கந்தகம் 11 சதவீதம். 50 கிலோ மூட்டைக்கு ஐந்தரைக் கிலோ. அம்மோனியம் சல்பேட்டில் இன்னும் அதிகம், 23 சதவீதம். அப்புறம் டிஏபி என்கிற டை அம்மோனியம் பாஸ்பேட் வந்தது. மணிச்சத்து 46 சதவீதம். மூன்று மூட்டை சூப்பர் செய்யும் வேலையை ஒரு மூட்டை செய்துவிடும். சுமைகூலி மிச்சம். ஆனால் அந்த மூன்று மூட்டையில் வந்த பதினாறரைக் கிலோ கந்தகமும் நின்றுபோனது. யூரியாவிலும் கந்தகம் கிடையாது. டிஏபியைக் குறை சொல்லவில்லை. அதில் இல்லாததை வேறு வழியில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

[காட்சி: மண் மாதிரி எடுப்பது.]

மண் மாதிரியை ஒரே இடத்தில் எடுத்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். வரப்போரம், எருக்குழி, மரநிழல் தவிர்த்து பல இடங்களில் அரையடி ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, கலந்து, அரைக்கிலோ அனுப்புங்கள். கந்தகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து லட்சம் பங்கு மண்ணில் 10 பங்குக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டால், ஒரு ஏக்கரின் அரையடி மண்ணில் வெறும் 9 கிலோ.

நிலக்கடலைக்குக் கைகண்ட மருந்து, கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த ஜிப்சம். ஏக்கருக்கு 160 கிலோ, இறவையில் 40 முதல் 45 நாளுக்குள் செடியோரம் இட்டு மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் ஈரம் பார்த்து 75 நாள் வரை தள்ளலாம். காயாக மாறும் விழுது மண்ணில் இறங்கும் இடத்தில் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைப்பதால் பொக்குக் காய் குறையும், கந்தகத்தால் எண்ணெய்ச் சத்து கூடும். வெறும் கந்தகத் தூளை இட்டால், பாக்டீரியா அதைச் சல்பேட்டாக மாற்றப் பல வாரம் ஆகும். கொழுந்து வெளுத்த பிறகு அதைத் தூவினால், இந்தப் போகத்துக்கு வந்து சேராது.