விளையாட்டு பீரியடைக் கடன் கேட்காதீர்கள்

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்த மருத்துவர் அவர்களே, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களே (முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது), எல்லோருக்கும் வணக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். இன்றைக்கு மூன்று விஷயம்: பள்ளியின் அரவணைப்பு பிள்ளைகளின் பழக்கத்தையும் எடையையும் எவ்வளவு மாற்றுகிறது என்று கணிப்பது எப்படி, பள்ளியில் சாப்பாடு, அப்புறம் விளையாட்டு பீரியட்.

கணிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆசிரியருக்கு உன்மேல் அக்கறை உண்டா, கூடப் படிக்கிறவர்கள் உன்னைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று ஆய்வு செய்கிறவர்கள் பிள்ளைகளிடமே கேட்கிறார்கள். எடையையும் அவர்களையே சொல்லச் சொன்னால் குறைத்துச் சொல்வார்கள். வீட்டு வசதி வேறு குறுக்கே வரும்; எது பள்ளியால் வந்தது, எது வீட்டால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், பள்ளி அரவணைக்காததால் எடை கூடியதா, எடை கூடிக் கேலிக்கு ஆளானதால் பள்ளி கசந்துபோனதா என்பதுதான். அதே பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால்தான் கொஞ்சமாவது விளங்கும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. எடை பார்க்கிற நாளில் வாத்தியார் எண்ணைச் சத்தமாகப் படித்தார், வரிசையில் நின்ற ஒருத்தன் அதை இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொன்னான், வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து விளையாட்டு பீரியட் வந்தாலே பையனுக்கு வயிற்றுவலி. அடுத்த வருடம் ஒரு ஆசிரியை வந்தார். எடை பார்க்கும் மெஷினைத் தன் அறைக்குள் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார், எண்ணைக் குறித்ததும் நோட்டை மூடினார், "உனக்கு என்ன ஆட்டம் பிடிக்கும்?" என்று கேட்டார். "எதுவும் பிடிக்காது மிஸ்." "சரி, அப்போ விசிலை நீ வைத்துக்கொள்." நடுவர் என்றால் பந்து போகிற பக்கமெல்லாம் ஓட வேண்டுமே! பீரியட் முடியும்போது சட்டை நனைந்திருந்தது, வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. எடை குறைந்ததா என்று கேட்காதீர்கள். பையன் மைதானத்துக்கு வந்தான், எனக்கு அது போதும்.

5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினமும் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 உலகக் கணக்குப்படி, 11 முதல் 17 வயதுக்குள் 100க்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. இந்த லட்சணத்தில் இருக்கிற ஒரு பீரியடையும் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்குகிறோம், திருப்பியும் தருவதில்லை. சுவரை இடித்துவிட்டு எங்கே சித்திரம் எழுதுவது?

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், சாப்பாட்டைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். வாசலில் ஒரு மனு வைத்திருக்கிறோம். விளையாட்டு பீரியடை வேறு எந்தப் பாடத்துக்கும் தரக்கூடாது, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கணக்கு ஆசிரியர்கள் முதலில் போட்டால் ரொம்ப சந்தோஷப்படுவேன். நன்றி.