திருப்பிக் கட்டின சேர்ப் காசுக்கு நீங்கள் கட்டின வரி எங்க? பொக்ஸ் 201ஐப் பாருங்கோ!

வணக்கம், வணக்கம்! எல்லாரும் எப்பிடி இருக்கிறியள்? இண்டைக்கு சமையல் இல்லை, கடை சுத்துறதும் இல்லை. காருக்குள்ள இருந்துதான் கதைக்கிறன். வீட்டை போய் லைட் எல்லாம் பூட்டிக் கதைக்கிற அளவுக்குப் பொறுமை இல்லை. சித்தியின்ர பாங்குக்கு 501 டொலர் வந்திட்டுது! ஐந்நூற்றி ஒண்டு! சித்தியைத் தெரியும்தானே, இடியப்ப வீடியோவில உரலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ.

கதை என்னெண்டால், 2020இல கொரோனாவுக்கு வேலை நிண்ட உடன எல்லாரும் சேர்ப் எடுத்தனாங்கள், அதுதான் கனடா அரசாங்கம் குடுத்த கொரோனா உதவிக் காசு. நாலு கிழமைக்கு 2,000 டொலர். அந்த நேரம் அரசாங்கச் சேவை அலுவலகமான சேர்விஸ் கனடாவிலயும் விண்ணப்பிக்கலாம், வரி எடுக்கிற சிஆர்ஏயிலயும் விண்ணப்பிக்கலாம். எங்க போடுறது எண்டு தெரியாமல் கன சனம் ரெண்டு பக்கமும் போட்டுது, ரெண்டு பக்கத்தாலயும் காசு வந்தது. சித்திக்கும் அப்பிடித்தான் ஒரு 2,000 கூட வந்தது. பிறகு கடிதம் வர, 2023இல அந்த 2,000ஐயும் கட்டி முடிச்சிட்டா.

இதில வடிவாக் கவனிக்க வேண்டிய விஷயம், சேர்ப் காசு வருமானம். குடுக்கேக்குள்ள வரி கழிக்கேல்லை. அடுத்த வருஷம், எவ்வளவு காசு எடுத்தது எண்டு காட்டிற ரி4ஏ ஸ்லிப் வந்தது, அதை 2020 வருமானத்தோட சேர்த்து சித்தி வரி கட்டினவ. இப்ப காசையும் திருப்பிக் குடுத்தாச்சு. அப்ப அந்த வரி? இல்லாத காசுக்கு ஏன் வரி?

இதைத்தான் சித்தி தன்ர வரி செய்யிற ஆளிட்டக் கேட்டவ. அந்தாள் சொன்ன பதில், "அக்கா, அது முடிஞ்ச கதை, கட்டினது கட்டினதுதான்." எனக்கு வந்த கோபம்! ஒரு ஸ்லிப்பைக் கூட விரிச்சுப் பார்க்கேல்லை. அதுக்குப் பிறகு கேக்கிறார், "வேணுமெண்டால் திருத்தம் போட்டுப் பாக்கலாம், 80 டொலர்." முடிஞ்ச கதைக்கு என்னத்துக்கு 80 டொலர்? வேலை தெரிஞ்ச ஆள் எண்டால் 80 கேக்கட்டும், நான் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டன். தெரியாமல் கேக்கிறதுதான் எனக்குப் பிடிக்காது. 80 டொலருக்கு சித்தி எவ்வளவு நேரம் நிண்டு வேலை செய்யோணும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

சரி, ஸ்லிப்புக்கு வாறன். சித்தி எல்லாக் கடிதத்தையும் பிஸ்கற் ரின்னுக்குள்ள போட்டு வைக்கிறவ. ஒன்லைனில எல்லாம் இருக்கு எண்டாலும், கடதாசியை எறியாத ஆக்களை எனக்குச் சரியாப் பிடிக்கும். அதுக்குள்ள 2023 ரி4ஏ மடிச்சபடி கிடந்தது. அதில பொக்ஸ் 201. கொரோனா உதவிக் காசைத் திருப்பிக் கட்டினது எண்டு அர்த்தம். 2,000.00 எண்டு அடிச்சிருக்கு. இந்த எண்ணை உங்கட வரிப் படிவத்தில லைன் 23200இல போடோணும். அவ்வளவுதான்! 23200 எண்டால் மற்றக் கழிவுகள். நிகர வருமானம் வாறதுக்கு முதலே கழிபடும்.

சிஆர்ஏயின்ர இணையத்தளத்தில சித்தியின்ர மை அக்கவுண்டுக்குள்ள போனம், 2023 வருஷத்தைத் தெரிஞ்சம், ரிட்டேர்னை மாத்திற இடத்தில 23200 எண்டு அடிச்சு 2,000ஐப் போட்டம். ஒரு சதம் செலவில்லை. ஒரே கரைச்சல் என்னெண்டால், சித்தி பாஸ்வேர்ட்டை மறந்திட்டா. அதுக்குத்தான் கனநேரம் போனது, மற்றது ஒண்டும் கஷ்டமே இல்லை.

ஆ, பொறுங்கோ, 501 எப்பிடி வந்தது எண்டு சொல்ல மறந்திட்டன். சித்திக்கு அந்த வருஷ வருமானம் 42,000 அளவில. அந்த வருஷம் ஃபெடரல் வரி 15 வீதம், ஒன்டாரியோ மாகாண வரி 5.05 வீதம், ரெண்டையும் சேர்த்தால் 2,000க்கு 401 டொலர். நானும் அதுதான் வரும் எண்டு நினைச்சன். ஆனால் ஒன்டாரியோவில குறைஞ்ச வருமானத்தில வேலை செய்யிற ஆக்களுக்கு ஒரு வரிச்சலுகை இருக்கு. வருமானம் 32,500ஐத் தாண்டினால், தாண்டின காசில 5 வீதம் அதில குறைப்பினம். வருமானம் 2,000 இறங்க அந்தச் சலுகை 100 டொலர் ஏறிச்சுது. அதுதான் அந்தக் கூடின 100! பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள், சைல்ட் பெனிஃபிட்டையும் பாருங்கோ. அதுவும் நிகர வருமானத்தை வைச்சுத்தான் கணக்குப் பார்க்கிறது.

எனக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தையும் சொல்லோணும். 2022 முடியிறதுக்கு முதல் திருப்பிக் கட்டின ஆக்களுக்கு, காசு வந்த வருஷத்திலயே கழிக்கிறதுக்கும் ஒரு வழி இருந்தது, ரி1பி எண்ட படிவம். 2023 தொடக்கம் கட்டின ஆக்களுக்கு அது இல்லை, கட்டின வருஷத்தில மட்டும்தான் கழிக்கலாம். வேலையை விட்டிட்டு, வருமானமே இல்லாத வருஷத்தில கட்டின வயது போன ஆக்களுக்கு இதால ஒரு பிரயோசனமும் இல்லை. வரி இருந்தால்தானே குறையும்? கஷ்டப்பட்டு மெல்ல மெல்லக் கட்டின சனத்துக்குத்தான் இந்த அடி. இது சரியான அநியாயம் எண்டுதான் நான் சொல்லுவன்.

சேர்ப் மட்டும் இல்லை, ஈஐ (வேலை இல்லாத காலத்துக் காசு), சிபிபி (கனடா பென்ஷன்) காசைத் திருப்பிக் கட்டின ஆக்களும் இதே 23200ஐப் பாருங்கோ. தவணை தவணையாக் கட்டினால் ஒவ்வொரு வருஷ ஸ்லிப்பையும் தனித்தனியா எடுங்கோ.

காலம் போச்சுது எண்டு விட்டிடாதேங்கோ. பத்து வருஷம் வரைக்கும் பழைய ரிட்டேர்னைத் திருத்தலாம். 2023க்கு 2033 டிசம்பர் 31 வரை நேரம் இருக்கு. அம்மா, அப்பா, மாமிமாரின்ர ஸ்லிப்பை இண்டைக்கே எடுத்து அந்தப் பொக்ஸைப் பாருங்கோ. 201இல எண் இருந்து, 23200 வெறுமனே கிடந்தால் கீழ எனக்கு எழுதுங்கோ. சின் நம்பரை, அதுதான் உங்கட சமூகக் காப்புறுதி இலக்கத்தை, மட்டும் ஒருதரும் போடாதேங்கோ!