ரெண்டே பாயிண்ட்டுல உலக சாம்பியன்! அபுதாபி முடிஞ்ச கையோட ஒரு புலம்பல்

மக்களே, இன்னைக்குக் குரல் இப்படித்தான் இருக்கும். 58 லேப்பும் கத்தினா வேற எப்படி இருக்கும்? F1 கார் ரேஸோட கடைசிப் போட்டி அபுதாபி முடிஞ்சுது, 2025 சீசன் முடிஞ்சுது, மெக்லாரன் டீமோட லாண்டோ நோரிஸ் உலக சாம்பியன். சீசன் மொத்தத்துக்கும் அவருக்கு 423 பாயிண்ட், ரெட்புல் டீமோட வெர்ஸ்டாப்பனுக்கு 421.

அதுக்குள்ள ஆளாளுக்கு "செம போரு, வெர்ஸ்டாப்பன் முன்னாடி போனாரு, ஜெயிச்சாரு, அவ்ளோதானே"ன்னு கிளம்பிட்டாங்க. அங்கதான் எனக்கு ஏறுது! முதல் இடத்தையே பார்த்துட்டு இருந்தா போரடிக்காம என்ன பண்ணும்? மூணாவது இடத்தைப் பாருங்கய்யா. வெர்ஸ்டாப்பன் ஜெயிச்சா நோரிஸ் மூணாவதாவது வந்தே ஆகணும். பின்னாடி ஃபெராரி காருல லெக்லெர். அந்த ஃபெராரி முந்தியிருந்தா நோரிஸுக்கு 15 பாயிண்ட்டுக்குப் பதிலா 12, மொத்தம் 420. கப்பு போச்சு.

நடுவுல வெர்ஸ்டாப்பனோட டீம்மேட் சுனோடா வேற. நோரிஸ் டயர் மாத்திட்டு வந்தா, டயர் மாத்த இன்னும் பிட்டுக்கே போகாத அந்த ரெட்புல் வழியில நிக்குது. நேர் ரோட்டுல இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. நோரிஸ் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வெளிய இறங்கித்தான் முந்தினாரு. உடனே திரையில "விசாரணை"ன்னு வருது. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. கடைசில சுனோடாவுக்குத்தான் 5 செகண்ட் அபராதம். சரியான தீர்ப்பு, இதுல பேச்சே இல்ல.

ஆங், விட்டுட்டேனே, முதல் லேப்லயே நோரிஸோட டீம்மேட் பியாஸ்ட்ரி, பிடிப்பு கம்மியான ஹார்டு டயர்ல வந்து நோரிஸை வெளிப்பக்கமா முந்தினாரு பாருங்க, அழகு! ரெண்டாவதா முடிச்சும் மொத்தம் 410தான். பாவம், சீசன்ல பாதிக்கு மேல முன்னாடி இருந்த பையன்.

சரி, என் பாயிண்ட் நோட்டு உங்களுக்குப் பழக்கம்தானே. ரேஸ் முடிஞ்சதும் அதைத்தான் எடுத்தேன். இத்தாலியில நடந்த மோன்ஸா ரேஸ் ஞாபகம் இருக்கா? நோரிஸோட முன் வீல் மாட்டாம பிட்ல நேரம் போச்சு, பியாஸ்ட்ரி முன்னாடி வந்துட்டாரு, டீம் "இடத்தைத் திருப்பிக் குடு"ன்னுச்சு, அவரும் குடுத்தாரு. அன்னைக்கு வீடியோல நான் எவ்ளோ திட்டினேன்! இப்பவும் திட்டுவேன். அந்த மாத்தல் இல்லன்னா நோரிஸுக்கு ரெண்டாவது இடத்தோட 18 இல்ல, மூணாவதோட 15. திரும்பவும் அதே 420! மெக்லாரன் ஒரு ரேடியோ மெசேஜ்ல சாம்பியனை முடிவு பண்ணிடுச்சு மக்களே.

வெர்ஸ்டாப்பன் ரசிகர்களே, இருங்க, உங்களுக்கும் இருக்கு. பார்சிலோனா ரேஸ்ல கோபத்துல மெர்சிடிஸ் டீம் ரஸ்ஸல் மேல இடிச்சாரே, 10 செகண்ட் அபராதம், அஞ்சாவது இடம் பத்தாவதாச்சு. 10 பாயிண்ட் வரவேண்டிய இடத்துல 1. ஒன்பது போச்சு, தோத்தது ரெண்டுல. யாரைக் குறை சொல்றது?

ஐயோ, கத்தார் ரேஸை மறந்துட்டேன்! கடைசிக்கு முந்தின லேப்ல, நோரிஸுக்கு முன்னாடி போன மெர்சிடிஸ் டீம் அன்டோனெல்லி லைனை விட்டு வெளிய போனாரு, நோரிஸ் நாலாவதுக்கு ஏறினாரு. அங்க ரெண்டு பாயிண்ட். அது இல்லன்னா ரெண்டு பேரும் 421. சமமானா ஜெயிச்ச ரேஸை எண்ணுவாங்க: வெர்ஸ்டாப்பன் 8, நோரிஸ் 7. அந்தச் சின்னப் பையனைத் திட்டினவங்க இந்தக் கணக்கைத்தான் பிடிச்சுத் தொங்கறாங்க. விடுங்கப்பா, தேஞ்ச டயர்ல எவனுக்கும் வழுக்கும்.

மோன்ஸாவுக்கு மட்டும் தனி வீடியோ வருது. சண்டைக்குத் தயாரா இருங்க!