ரெய்க்யவிக்: மேலே காற்று, கீழே வெந்நீர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐஸ்லாந்தின் தலைநகரம் ரெய்க்யவிக். அந்தப் பெயருக்குப் புகை விரிகுடா என்று பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் வந்து குடியேறியவர்கள் புகை என்று நினைத்தது, வெந்நீர் ஊற்றுகளிலிருந்து கிளம்பிய ஆவியை. இன்றைக்கும் அந்த ஊரை நடத்துவது அதே வெந்நீர்தான். வருகிற பயணிகளின் திட்டத்தைக் கலைப்பது காற்று. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் பயணம் பாதி வெற்றி.

முதலில், எந்த மாதம் போவது? ஜூன் மூன்றாம் வாரத்தில் சூரியன் நள்ளிரவையொட்டித்தான் மறையும், 3 மணிக்கு முன்பே எழுந்துவிடும். நடுவிலும் இருட்டாவதில்லை. அதனால் தூங்குவதற்குக் கண்ணை மூடிக் கட்டும் துணி அவசியம். டிசம்பர் மூன்றாம் வாரத்திலோ காலை 11.20 வாக்கில்தான் சூரியோதயம், 3.30 மணிக்கெல்லாம் அஸ்தமனம். அரோரா எனப்படும் வடதுருவ ஒளியைப் பார்க்க இருட்டு வேண்டும், ஆகவே செப்டம்பர் முதல் ஏப்ரல் முற்பகுதிக்குள் போக வேண்டும். செந்நிற அலகுள்ள பஃபின் பறவைகளுக்கு மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. ஜூலையில் போய் வடதுருவ ஒளியைத் தேடுவது பட்டப்பகலில் நட்சத்திரம் எண்ணுகிற கதைதான்.

விசா விஷயத்தில் ஒரு குறிப்பு. ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதான். கூடவே வேறு ஐரோப்பிய நாடுகளுக்கும் போகிறவர்கள், எங்கே அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. இதில் குழம்பித்தான் பல விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

விமானம் இறங்குவது கேஃப்லாவிக்கில். அங்கிருந்து தலைநகருக்கு 50 கிலோமீட்டர், பேருந்தில் முக்கால் மணி நேரம். பெரிய பேருந்துகளுக்கு நகர மையத்தின் குறுகிய தெருக்களில் அனுமதி கிடையாது. அதற்காக எண் போட்ட சுற்றுலா நிறுத்தங்கள் வைத்திருக்கிறார்கள். விடுதி வாசலில் வண்டி வரும் என்று பெட்டியோடு நின்று, சுற்றுலாவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. முன்பதிவுச் சீட்டில் நிறுத்த எண் இருக்கும். புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பே அங்கே போய் நில்லுங்கள்.

இனி காற்று. ஜூலையில் சராசரி வெப்பம் 11, 12 டிகிரி. ஜனவரியில் பூஜ்ஜியத்தை ஒட்டி. 64 டிகிரி வடக்கில் இருக்கும் ஊருக்கு இது பெரிய குளிரே இல்லை, தெற்கிலிருந்து வரும் கடல் நீரோட்டத்தின் புண்ணியம். ஆனால் காற்று வீசும்போது மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். குடை இரண்டு நிமிடம் தாங்காது. உள்ளே கம்பளிப் பனியன், நடுவில் கம்பளிச் சட்டை, மேலே நீரும் காற்றும் புகாத அங்கி என்று மூன்று அடுக்கு போதும். பருத்தி கூடாது. நனைந்தால் உலராமல் உடல் சூட்டை உறிஞ்சும், ஜீன்ஸ் அதில் படுமோசம்.

அங்கே வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் சொல்வார்கள். 15 என்று பார்த்ததும் சிறிய எண்தானே என்று நினைத்துவிட வேண்டாம். 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 54 கிலோமீட்டர். 20-ஐத் தாண்டினால் வாடகைக் காரை எடுக்காமல் இருப்பதே நல்லது. காரை நிறுத்தும்போது அதன் மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். பின்னாலிருந்து காற்று அடித்தால், கதவைத் திறந்த நொடியில் கீலோடு பின்னுக்கு மடக்கிவிடும். வாடகைக் கார் காப்பீடுகள் பெரும்பாலும் இந்தச் சேதத்தை ஏற்பதில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே மறு கையால் திறப்பது அந்த ஊர்ப் பழக்கம்.

நகர மையத்தை நடந்தே பார்க்கலாம். மேட்டின் மேல் நிற்கும் ஹல்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயம் 74.5 மீட்டர் உயரம். 1945-இல் தொடங்கி 1986-இல்தான் முடித்தார்கள். எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த கருங்கல் தூண்களைப் போலவே அதன் முகப்பு. கோபுரத்துக்கு மின்தூக்கி உண்டு. முன்னால் நிற்கும் சிலை, கொலம்பஸுக்கு முன்பே அமெரிக்கா போன கடலோடி லேஃபூர் எய்ரிக்சன், அதாவது எய்ரிக்கின் மகன் லேஃபூர். ஐஸ்லாந்துக்காரர்கள் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். முதலெழுத்துப் போடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடற்கரையில் ஹார்ப்பா என்ற கண்ணாடி இசை அரங்கம், 2011-இல் திறந்தது. உள்ளே சுற்றிப் பார்க்கக் கட்டணமில்லை, மழைக்கு ஒதுங்கவும் நல்ல இடம்.

கடைவீதியின் பெயர் லோய்காவேகுர். குளிர்காலத்திலும் பெண்கள் அழுக்குத் துணியைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளியிருந்த வெந்நீர் ஊற்றுக்கு நடந்த பாதை அது. 1930-இல் அந்த ஊற்று நீரைக் குழாய் வழியே கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூடத்தையும் சில வீடுகளையும் சூடாக்கினார்கள். இன்று நகரம் முழுக்க அப்படித்தான். ஆழ்துளைக் கிணறுகள் போதாமல், நெஸ்யாவெட்லிர் புவிவெப்ப நிலையத்திலிருந்து 27 கிலோமீட்டர் குழாயில் வெந்நீர் வருகிறது. வழியில் குறைவது சுமார் 2 டிகிரிதான். மேட்டில் தெரியும் பெர்லன் என்ற கண்ணாடிக் கும்மட்டம் ஆறு வெந்நீர்த் தொட்டிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு தொட்டியும் 40 லட்சம் லிட்டர்.

அறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வரும். பயப்பட ஒன்றுமில்லை, அது கந்தக வாயு. ஆனால் கொலுசும் மெட்டியும் போட்டிருப்பவர்கள் கழற்றி வைத்துவிட்டுக் குளியுங்கள். வெள்ளி கறுத்துவிடும். காப்பி போடவும் சமைக்கவும் குளிர்நீர்க் குழாயிலிருந்து பிடியுங்கள். சிறிது நேரம் ஓடவிட்டால் வாடையற்ற சுத்தமான ஊற்று நீர் வரும். புட்டித் தண்ணீர் வாங்குவது வீண் செலவு. வெந்நீர்ப் பக்கம் திறந்தவுடன் கையை நீட்டாதீர்கள், தோலைப் பொசுக்கும் சூட்டில் வரலாம்.

லகூன் என்ற பெயரில் நடக்கும் விலை உயர்ந்த வெந்நீர்க் குளங்களைவிட, பேட்டைக்குப் பேட்டை இருக்கும் நகராட்சி நீச்சல் குளங்களுக்கே முதலிடம் தரலாம். நம் ஊர் டீக்கடை பெஞ்சு மாதிரி, அரசியலும் அக்கப்போரும் அங்கேதான். திறந்த வெளியில் 38 முதல் 44 டிகிரி வரை வெந்நீர்த் தொட்டிகள் இருக்கும். நுழையும் முறை கறாரானது. செருப்பை உடை மாற்றும் அறைக்கு வெளியிலேயே விட வேண்டும். உடைகளைப் பெட்டியில் பூட்டிவிட்டு, துண்டும் நீச்சல் உடையும் கையில் எடுத்துக்கொண்டு குளியல் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே ஆடையில்லாமல், சோப்புப் போட்டுத் தலை, அக்குள், இடுப்புக்குக் கீழ், பாதம் எல்லாம் கழுவிய பிறகே நீச்சல் உடை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. குளத்தில் குளோரின் குறைவாகச் சேர்ப்பதால்தான் இந்தக் கெடுபிடி. உடையோடு நனைந்துவிட்டு உள்ளே போகப் பார்த்தால் ஊழியர் திருப்பி அனுப்புவார். கூச்சம் இருப்பவர்கள் தடுப்பு உள்ள அறை இருக்கிறதா என்று கேளுங்கள், சில குளங்களில் உண்டு. முதலில் 38, பிறகு 40 என்று ஏறுங்கள். 44-இல் பத்து நிமிடம் உட்கார்ந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். திரும்பும்போது உடம்பைத் துவட்டிய பிறகே பெட்டி அறைக்குள் கால் வைக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே ஒரு நாள் பயணமென்றால் திங்வெட்லிர், கெய்சிர், குட்ல்ஃபோஸ் அருவி மூன்றையும் சுற்றி வரலாம். திங்வெட்லிரில் கி.பி. 930-இல் திறந்த வெளியில் மக்கள் மன்றம் கூடியது. ஒரு கால் அமெரிக்காவில், ஒரு கால் ஐரோப்பாவில் என்று அங்கே படம் எடுப்பார்கள். உண்மையில் இரு கண்டத் தட்டுகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கு பல கிலோமீட்டர் அகலம், அவ்வளவு நீளக் கால் யாருக்கும் இல்லை. கெய்சிர் வெந்நீர் ஊற்றுப் பகுதியில் பீறிடுவது கெய்சிருக்குப் பக்கத்திலுள்ள ஸ்ட்ரோக்குர் ஊற்று, 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள், எதிர்ப்பக்கம் நின்றால் நனைந்து போவீர்கள்.

சாப்பாடு விலை அதிகம். இளஞ்சிவப்புப் பன்றிப் படம் போட்ட, போனஸ் என்ற பெயருள்ள மளிகைக் கடைகள் மலிவு. கட்டித் தயிர் போன்ற ஸ்கீர் என்ற பால் உணவை அங்கேயே வாங்கலாம். 1937 முதல் துறைமுகத்தருகே நடக்கும் ஹாட் டாக் கடையில் எப்போதும் வரிசைதான். ஆட்டிறைச்சி என்று சொன்னாலும் பன்றியும் மாடும் கலந்திருக்கும், தவிர்ப்பவர்கள் கவனிக்கவும்.

ப்ளூ லகூன் விமான நிலையத்தின் பக்கம் இருப்பதால் வரும் நாளோ திரும்பும் நாளோ வைத்துக்கொள்வது வசதி. முன்பதிவு கட்டாயம். 2023 டிசம்பரிலிருந்து அருகில் எரிமலை வெடிப்புகள் தொடர்ந்து நடந்ததால் பலமுறை மூடித் திறந்திருக்கிறார்கள். பணம் திரும்பும் விதியைப் படித்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். நீரிலுள்ள சிலிக்கா என்ற தாது முடியைக் கம்பிபோல் விறைப்பாக்கும். இறங்கும் முன் கண்டிஷனர் தடவி, கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ளுங்கள். விமானத்தில் சிக்கெடுத்துக்கொண்டே வர வேண்டியிருக்காது.

வணக்கம்.